மிளகைப் பற்றிய சண்டையும் ஆளைப் பற்றிய சண்டையும்

மிளகுக் கொடி பூத்து, காய் கட்டி, பறிக்கும் பதத்துக்கு வர ஆறேழு மாதமாவது ஆகும். கதிரில் ஒன்றிரண்டு காய் மஞ்சளித்தோ சிவந்தோ தெரியும்போது பறிக்க வேண்டும் என்பது மாத்தளைப் பக்கத்தில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விதி. தெரிந்திருந்தும் பலர் அதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். சிவக்கும்வரை விட்டுவைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பிள்ளையின் படிப்புச் செலவு, கடன் தவணை என்று காசுக்கு நெருக்கடி இன்னொரு பக்கம்.

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைப் பக்கத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து மிளகைப் பதப்படுத்தி விற்கும் சிறுதொழில் ஒன்றைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் கட்டிய குழு. ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் மிளகுத் தொழிலுக்கு உரியவை. முதல் பருவத்திலேயே ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது.

“இன்னும் ரெண்டு கிழமை விடுவோம் அக்கா. காய் முத்தவே இல்ல.”

“ரெண்டு கிழமையில கொடியில இலைதான் மிஞ்சும் புள்ள. எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரன் இப்பவே வாங்குறான். குடுத்துட்டுப் போவோம்.”

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முற்றிய மிளகு கனமானது. ஒரு லீட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்தே உலகச் சந்தை மிளகைத் தரம் பிரிக்கிறது. வியட்நாம் மிளகின் விலையே 500 கிராம், 550 கிராம் என்ற லீட்டர் எடைகளைக் குறிப்பிட்டுத்தான் சொல்லப்படுகிறது. முற்றாத காய் காய்ந்தால் சுருங்கி லேசாகிவிடும். இந்தக் கணக்கில் அது அடிபட்டுப் போகும். ஆனால் எண்ணெயும் சாறும் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகளுக்கு இந்த லேசான மிளகே வேண்டும், ஏனென்றால் எடைக்கு எடை பார்த்தால் காரச்சத்தும் எண்ணெயும் அதில் கூடுதல். இலங்கை மிளகுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்திருப்பதே பிப்பரின் என்ற அந்தக் காரச்சத்துத்தான். ஆக, எப்போது பறிப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தச் சந்தை, எந்த விலை, களவு போகும் அளவு எவ்வளவு, கையில் இருக்கும் காசு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை யாரும் வந்து சொல்லித்தர முடியாது. இந்தக் குழு தானே செய்து பார்த்துக் கற்க வேண்டிய பாடம் அது.

வாக்குவாதம் அங்கே நின்றால் நல்லது. பெரும்பாலும் நிற்பதில்லை. ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கறுப்பு மிளகு. முற்றாத காயாக இருந்தால் அந்த ஒரு கிலோவும் தேறாது. ஐந்து பேரும் கொண்டுவந்த பச்சை மிளகை ஒன்றாகக் கொட்டி, கொதிநீரில் சற்றே முக்கி எடுத்து, ஒரே பாயில் காயவைத்த பிறகு, யார் காய் எவ்வளவு தேறியது என்று எப்படிச் சொல்வது? முற்றிய காய் கொண்டுவந்தவளுக்கும் பிஞ்சுக் காய் கொண்டுவந்தவளுக்கும் பச்சை எடையின்படி சமமாகப் பணம் கொடுத்தால் அது நீதியா? “தராசை யார் பிடிச்சது?” என்று ஒரு குரல் எழும்பும். இன்னும் கொஞ்ச நேரத்தில், “எப்பவும் இவங்க வீட்டுல இப்படித்தான்” என்று இன்னொரு குரல். பேச்சு மிளகில் தொடங்கி, தராசுக்குப் போய், கடைசியில் ஒருத்தியின் குடும்பத்தில் வந்து நிற்கிறது.

இந்த மூன்று நிலைகளையும் பிரித்துப் பெயரிட்டவர் கேரன் ஜென் என்ற நிறுவன நடத்தை ஆய்வாளர். 1995இல் வெளியான ஆய்வில் அவர் இரண்டைப் பிரித்தார்: வேலையைப் பற்றிய முரண்பாடு ஒன்று, ஆட்களுக்கிடையிலான மனக்கசப்பு மற்றொன்று. 1997இல் மூன்றாவதையும் சேர்த்தார்: யார் எதைச் செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு, யார் பொறுப்பு என்ற நடைமுறைப் பிணக்கு. குழு முரண்பாட்டைப் பற்றிய இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தப் பிரிப்பின்மேல்தான் நிற்கிறது. மனக்கசப்பு குழுவைக் கெடுக்கும் என்பதில் யாருக்கும் வியப்பில்லை. வழக்கமான, மாறாத வேலை செய்யும் குழுக்களுக்கு வேலை பற்றிய முரண்பாடு இடைஞ்சல். புதிதாக யோசித்துச் செய்ய வேண்டிய வேலையில் அதே முரண்பாடு அளவோடு இருந்தால் உதவக்கூடும் என்று அவர் கண்டதுதான் கவனிக்கத்தக்கது.

அந்த நம்பிக்கைக்கு 2003இல் ஓர் அடி விழுந்தது. கார்ஸ்டன் டி டிரூ, லோரி வைங்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டுப் பார்த்தபோது, வேலை பற்றிய முரண்பாடும் மனக்கசப்பைப் போலவே குழுவின் பெறுபேற்றைக் குறைப்பதாகத் தெரிந்தது. அப்படியானால் ‘நல்ல சண்டை’ என்று ஒன்று இல்லையா? 2012இல் ஃபிராங்க் டி விட், லிண்ட்ரெட் கிரீர், ஜென் மூவரும் 116 ஆய்வுகளை, அவற்றில் அடங்கிய 8,880 குழுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். விடை கொஞ்சம் தெளிந்தது. வேலை பற்றிய முரண்பாடும் மனக்கசப்பும் பின்னிப் பிணைந்து கிடக்கும் குழுக்களில் முந்தியதும் கெடுதலே செய்கிறது. இரண்டும் விலகி நிற்கும் குழுக்களில் அதே முரண்பாடு நன்மை செய்யக்கூடும். ஆகவே எவ்வளவு சண்டை என்று அளப்பதில் அதிகப் பயனில்லை. மிளகைப் பற்றிய சண்டை ஆளைப் பற்றிய சண்டையாக மாறும் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன், தொழிலில் கற்றல் என்பது ஏன் இவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கைப் பிழையாகப் போட்டால் ஆசிரியர் உடனே சிவப்பு மையால் வெட்டிவிடுவார். சந்தை அப்படிச் சொல்வதில்லை. மூட்டையை வியாபாரி திருப்பி அனுப்புகிறார், அல்லது விலையைக் குறைக்கிறார். ஏன் என்று முழுமையாகச் சொல்வதுமில்லை. ஈரம் கூடிவிட்டதா, பூஞ்சணம் பிடித்ததா, காம்பும் தூசும் கலந்ததா, லீட்டர் எடை போதவில்லையா, அல்லது உலகத்திலேயே விலை இறங்கிவிட்டதா? ஒரு விளைவுக்குப் பல காரணங்கள். சரியான காரணத்தைப் பிடித்தால்தான் அடுத்த பருவத்தில் எதை மாற்றுவது என்று தெரியும்.

2016ஐ அடுத்த ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் மிளகு விளைச்சல் பெருகி உலக விலை சரிந்தது. 2017 டிசம்பரில் இந்தியா தன் விவசாயிகளைக் காக்க, இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச விலையை விதித்தது. இலங்கை மிளகின் பெரிய வாடிக்கையாளரே இந்தியாதான். டெல்லியில் எடுத்த முடிவு இரத்தோட்டை முற்றத்தில் காயும் மிளகின் விலையைத் தொடும் தொழில் இது. இப்படிப்பட்ட வேளையில் மனக்கசப்பு ஊறிய ஒரு குழுவில் என்ன நடக்கும்? விலை விழுந்ததற்குக் காரணம் தேடுவார்கள். விற்கப் போன பொருளாளரின் முகம்தான் முதலில் கண்ணில் படும். ‘ஏன் விழுந்தது’ என்ற கேள்வி ‘யாரால் விழுந்தது’ என்று ஆகிவிடும். அந்த நிமிடமே கற்றல் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் கையில் கிடைத்திருப்பது பிழையான காரணம். பொருளாளரை மாற்றுவார்கள். விலை அப்படியே கிடக்கும்.

கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷோன் இருவரும் 1978இல் எழுதிய நூலில் கற்றலை இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். செய்துகொண்டிருப்பதில் உள்ள பிழையைத் திருத்துவது முதல் படி: மிளகு சரியாகக் காயவில்லை, இன்னொரு நாள் வெயிலில் போடுவோம். செய்துகொண்டிருப்பதையே கேள்வி கேட்பது இரண்டாம் படி: நாம் ஏன் கறுப்பு மிளகு மட்டும் செய்கிறோம், தோல் நீக்கி வெள்ளை மிளகாக்கினால் என்ன, பச்சையாகவே உப்புநீரில் போட்டு விற்றால் என்ன? முதல் படிக்குச் சண்டை தேவையில்லை. இரண்டாம் படிக்கு ஒருத்தி எழுந்து, நாம் இதுவரை செய்தது போதாது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வது கூடியிருக்கும் மற்ற நால்வரின் உழைப்பையும் கேள்வி கேட்பதாகவே காதில் விழும். அதனால்தான் தொழிலுக்கு மிகவும் தேவையான கற்றல், மனக்கசப்பால் முதலில் அடிபட்டுப் போகிறது.

பயந்த குழு குறுகிப்போகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. பேரி ஸ்டாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1981இல் காட்டியபடி, ஆபத்து என்று உணரும்போது தனி ஆளும் சரி, குழுவும் சரி, புதிய தகவலைத் தேடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. பழகிய வழியை இறுகப் பிடிக்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிருவர் கையில் சுருங்குகிறது. விலை விழும் பருவத்தில்தான் ஒரு குழு புதிதாக யோசிக்க வேண்டும். அதே பருவத்தில்தான் அது யோசிக்கும் திறனை இழக்கிறது.

இங்கே ஏமி எட்மண்ட்சனின் மருத்துவமனை ஆய்வைச் சொல்ல வேண்டும். மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் இரண்டு மருத்துவமனைகளில் எட்டுப் பிரிவுகளில் ஆராய்ந்தார். நல்ல ஒத்துழைப்புள்ள பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: நன்றாக இயங்கும் பிரிவுகளிலேயே பிழை அதிகம் பதிவாகியிருந்தது. ஆழ்ந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தப் பிரிவுகளில் தாதியர் பிழையை வெளியே சொன்னார்கள். மற்றப் பிரிவுகளில் மறைத்தார்கள். 1996இல் இது வெளியானது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, உளப் பாதுகாப்பு என்ற கருத்தை நிலைநாட்டியது. பிழையைச் சொன்னால், கேள்வி கேட்டால், உதவி கேட்டால் இங்கே யாரும் என்னைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள் என்று குழுவில் உள்ளோர் அனைவரும் நம்பும் நிலை அது. அந்த நம்பிக்கை உள்ள குழுக்களே கற்றன. கற்ற குழுக்களே நன்றாக வேலை செய்தன.

இதை மாத்தளைக்குக் கொண்டுவரும்போது எனக்கு முதலில் கவலை தருவது சண்டை போடும் குழுக்களைவிட, பேசாமல் இருக்கும் குழுக்கள்தான். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 4,84,531 பேர்; ஐந்தில் நால்வர் சிங்களவர், மற்றவர்களில் அநேகமாக எல்லோரும் முஸ்லிம்களும் தமிழர்களும். மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் பெரும்பாலும் சிறு நிலக்காரரின் வீட்டுத்தோட்டத்தில் விளைபவை. தோட்டத்து லயன்களில் வாழும் மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் நிலம் இல்லை. இரு தரப்பும் ஒரே குழுவில் சேர்ந்தால் ஒருத்தி கொடியைக் கொண்டுவருகிறாள், மற்றவள் கையுழைப்பைக் கொண்டுவருகிறாள். மொழி, நிலம், குடியிருக்கும் இடம் மூன்றும் ஒரே கோட்டில் பிரிகின்றன.

டோரா லாவ், கீத் மர்னிகன் இருவரும் 1998இல் இத்தகைய கோட்டைப் புவியியலில் சொல்வதுபோலப் பிளவுக்கோடு என்று அழைத்தார்கள். வேறுபாடுகள் பல இருப்பது தன்னளவில் ஆபத்தில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றால் குழு இரண்டு பாதியாக உடைய வசதியாகிவிடுகிறது. நிலமுள்ள தமிழ்ப் பெண்ணும் நிலமில்லாத சிங்களப் பெண்ணும் குழுவில் இருந்தால், அல்லது விற்பனை தெரிந்தவள் லயனிலிருந்து வந்தவளாக இருந்தால், கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பலமிழந்துவிடும்.

அப்படி அமையாத குழுவில் சண்டை வெடிக்கும் என்று எண்ண வேண்டாம். வெடிக்காது. நிலமில்லாதவள் வாயைத் திறக்க மாட்டாள். கூட்ட அறிக்கையும் கணக்கும் ஒரு மொழியில் எழுதப்பட்டு, அதை அவளால் வாசிக்க முடியாவிட்டால் கேள்வி கேட்கவும் வழியில்லை. வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது ஒற்றுமையான குழு. ஆனால் காயைத் தினமும் கையால் கிளறிக் காயவைப்பவள் அவள். எந்த மூட்டையில் ஈரம் நின்றது, எந்தப் பாயில் மழை நனைத்தது என்று அவளுக்குத்தான் தெரியும். குழுவுக்கு வேண்டிய அறிவு குழுவுக்குள்ளேயே இருந்தும், அது பேச்சுக்கு வராமலே போகிறது. கரொல்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் 1985இல் செய்த சோதனைகளில் இது துலக்கமாகத் தெரிந்தது: கூடிப் பேசும் குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன; ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வருவதே அரிது. அதிலே மொழி, நிலம், லயன் என்ற தயக்கமும் சேர்ந்தால் அது வெளியே வரவே வராது. இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சரி, இரண்டு சண்டைகளையும் பிரித்து வைப்பது எப்படி? நம்பிக்கைதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் விடை. டோனி சைமன்ஸ், ராண்டல் பீட்டர்சன் இருவரும் 2000இல், 70 ஹோட்டல் நிறுவனங்களின் மேல்மட்டக் குழுக்களை ஆராய்ந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை உள்ள குழுவில் வேலை பற்றிய மறுப்பு மறுப்பாகவே கேட்கப்படுகிறது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அதே சொல் தாக்குதலாகக் கேட்கிறது. அதற்கு உள்நோக்கம் தேடப்படுகிறது. இது உண்மைதான். ஆனால் நம்பிக்கை வையுங்கள் என்று ஐந்து பேரிடம் சொன்னால் வந்துவிடுமா? அது எதிலிருந்து வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜென்னும் எலிசபெத் மானிக்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. வேலை பார்த்துக்கொண்டே வணிக மேலாண்மை படித்த மாணவர்களின், மூன்று பேர் கொண்ட 51 குழுக்களை ஒரு திட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பின்தொடர்ந்தார்கள். நன்றாகச் செய்த குழுக்களில் சண்டைக்கென்று ஒரு காலக்கிரமம் இருந்தது. தொடக்கத்தில் நடைமுறைப் பிணக்கு மிகக் குறைவு. யார் எதைச் செய்வது என்பது தெளிவாக இருந்தது. வேலை பற்றிய வாதம் நடுக்கட்டத்தில் ஓரளவு சூடுபிடித்தது. கடைசியில் தணிந்தது. தோற்ற குழுக்களில் நடுக்கட்டத்தில் வாதம் இல்லை. முடிவு நெருங்க நெருங்க எல்லாச் சண்டைகளும் சேர்ந்து மேலே வந்தன. கிறிஸ்டின் பெஃபாரும் கூட்டாளிகளும் 2008இல் 57 குழுக்களைப் பற்றி எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது: பங்கீட்டையும் பொறுப்பையும் முன்கூட்டியே யோசித்து விதியாக்கி, அந்த விதிக்கு எல்லோருக்கும் காரணம் சொன்ன குழுக்கள் தேறின. பிரச்சினை வந்த பிறகு அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட குழுக்கள் தேறவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்களின் மரண உதவிச் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. இலங்கைக் கிராமங்களில் அநேகமாக எங்கும் அப்படியொரு சங்கம் உண்டு. சாவு வீட்டுக்கு எவ்வளவு பணம், பந்தல் யார் போடுவது, கதிரை யார் இறக்குவது, மாதச் சந்தா கட்டாவிட்டால் என்ன தண்டம் என்று எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கும். கூட்டம் தொடங்கினால் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார்கள், பிறகு கணக்கறிக்கையை வாசிப்பார்கள், பிழை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். ஊரில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள்கூட அந்தச் சங்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது அன்பு என்று சொல்ல முடியாது. பங்கு பற்றிய கேள்விக்கு அங்கே முன்பே விடை சொல்லப்பட்டிருக்கிறது. ஜென் நடைமுறைப் பிணக்கு என்று சொல்லும் அந்த வாசலை எப்படி மூடுவது என்று நம் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

சிறுதொழில் குழுக்கள் அந்த அறிவை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. பணம், எடை, வேலைப் பங்கு ஆகியவற்றைத் தொடங்கும்போதே கட்டித் தீர்த்துவிட்டால், மிளகைப் பற்றி எவ்வளவு கடுமையாக வாதிட்டாலும் அது தராசுக்கும் குடும்பத்துக்கும் வழிந்து போகாது. எங்கள் ஐந்து பெண்களின் குழுவில் ஒவ்வொருத்தியின் பச்சை மிளகிலும் ஒரு கிலோவைத் தனியே எடுத்து, பெயர் எழுதிய தனிப் பாயில் காயவைத்து, எவ்வளவு தேறுகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தால் போதும். பங்கை அந்த எடையின்படி பிரிக்கலாம். யார் தராசைப் பிடித்தது என்ற கேள்விக்கு இடமே இருக்காது. மேலும், எந்தக் கொடியில் எப்போது பறித்தால் எவ்வளவு தேறும் என்ற கணக்கும் கூடவே கிடைக்கிறது. முதல் பருவத்திலேயே பாதிக் கொடியை அக்கா சொன்னபடியும் பாதியைத் தங்கச்சி சொன்னபடியும் பறித்துப் பார்த்தால், இரண்டாம் பருவத்தில் அவர்கள் கையில் எண்கள் இருக்கும். மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த எண்களோடு அங்கே போய்க் கேட்பவர்களுக்கு, வெறுங்கையோடு போய்க் கேட்பவர்களைவிடக் கூர்மையான பதில் கிடைக்கும்.

பங்கைப் பற்றிய பிணக்கைப் பெரிய அளவில் இப்படித் தீர்த்துக்கொண்ட இடம் இலங்கையிலேயே இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா இடதுகரைக் கால்வாய்த் திட்டத்தில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் தீராத தண்ணீர்ச் சண்டை. தலைமடையில் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழர். பிளவுக்கோடு அடுக்கி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை ஊருக்குள் குடியிருக்க அனுப்பின. அந்த ஆண்டு நீர்த்தேக்கம் கால்வாசிதான் நிரம்பியிருந்தது. பட்டதாரிகள் எடுத்த எடுப்பில் சங்கம் கட்டவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். கால்வாயைத் துப்புரவாக்குவது போன்ற, எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய சிறிய வேலையை விவசாயிகளே தெரிவு செய்து செய்தார்கள். கூட வேலை செய்து ஒருவரை ஒருவர் பார்த்த பிறகுதான் பிரதிநிதி. அவரும் வாக்கெடுப்பால் வரவில்லை, எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு வந்தார். தலைமடைக்காரர் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹோஃப் 1992இல் நூலாக எழுதினார். பிற்பாடு பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஓஸ்ட்ரோமும் 1990இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் கல்லோயாவைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். நீண்ட காலம் நிலைத்த பொதுவளக் குழுக்களின் பண்புகளில் ஒன்றாக, பிணக்கைக் குறைந்த செலவில், உள்ளூரிலேயே, விரைவாகத் தீர்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருப்பதை அவர் அந்த நூலில் பட்டியலிட்டார்.

இன்றைய சிறுதொழில் குழுக்களில் ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழ். உதவித்தொகைக்குப் பதிய வேண்டும் என்பதால் முதல் கூட்டத்திலேயே தலைவி, செயலாளர், பொருளாளர் தெரிவு முடிந்துவிடுகிறது. சேர்ந்து ஒரு நாள் வேலை செய்து பாராதவர்கள் ஒருவருக்கொருவர் பதவி கொடுக்கிறார்கள். 1990களின் கடைசியில் ஐஃபாட் என்ற சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மாத்தளைப் பிராந்தியப் பொருளாதார முன்னேற்றத் திட்டம் தொட்டு, மாவட்டத்துக்குத் தொழில்வளர்ப்பு முயற்சிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இத்தகைய பயிற்சிநெறிகளில் கணக்கு எழுதுவது, விலை நிர்ணயிப்பது, பொதி செய்வது என்று பயனுள்ள பலவற்றைக் கற்றுத்தருவார்கள். மறுத்துப் பேசுவது எப்படி, மறுப்பைக் கேட்பது எப்படி என்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்பேன்.

அப்படி ஒதுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் ஒருத்திக்கு வேண்டுமென்றே எதிர்த்துப் பேசும் வேலையைக் கொடுப்பது சில பயிற்சிகளில் உண்டு. ஷார்லன் நெமத்தும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001இல் இதைச் சோதித்தார்கள். சொல்லிக்கொடுத்து எதிர்ப்பவரைவிட, உண்மையாகவே வேறு கருத்துள்ள ஒருவர் பேசும்போதுதான் கூட இருப்பவர்கள் அதிகமாகவும் புதிதாகவும் யோசித்தார்கள். அவர் சொன்னது பிழையாக இருந்தாலும் உண்மையான மறுப்புக்கு அந்தப் பலன் உண்டு என்பது நெமத்தின் நீண்டகால ஆய்வுகளின் முடிவு. வெள்ளை மிளகு செய்வோம் என்று பிடிவாதமாக நிற்பவள் தவறாகக் கணக்குப் போட்டிருக்கலாம். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே மற்ற நால்வரும் தங்கள் கறுப்பு மிளகின் கணக்கை முதல் முறையாக ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட பெண்கள் பல குழுக்களில் நீடிப்பதில்லை. வாய்க்காரி என்று பெயர் வாங்கி, இரண்டு கூட்டத்துக்கு வராமல் இருந்து, பிறகு விலகிவிடுகிறார்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும் அறிக்கையில் எத்தனை குழுக்கள் இயங்குகின்றன, எத்தனை பேர் உறுப்பினர் என்று இருக்கும். விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் விலகினார்கள் என்று கேட்கும் கட்டமும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தலைவியிடம் கேட்டு நிரப்பக் கூடாது. உத்தியோகத்தர் விலகியவளின் வீட்டுக்கே போய், அவளுக்குத் தெரிந்த மொழியில், குழுவினர் யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும்: கடைசியாக நீங்கள் சொன்னது என்ன, அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?